டிரையர் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார்

அன்று வாசலில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான், எங்கள் அம்பாசடர் கார். வருவதாகச் சொல்லி வராதவர், காரின் தகடு வேலை பார்க்கும் மேட்டுப்பாளையத்து டிங்கர். வெயிலும் வரவில்லை. அது வந்து ஆறு நாளாகியிருந்தது.

கோத்தகிரி ரோட்டிலிருந்து பிரிந்து இறங்கும் மண்பாதையில் எங்கள் வீடு. அந்த ஆறு நாளும் எதிர்ச்சரிவின் தேயிலை கண்ணில் படவே இல்லை. கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வரும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. வாசலில் நின்ற வெள்ளைக் காரும் சில நேரம் காணாமல் போகும். அப்போது அதன் மேல் பிரேக் இன்ஸ்பெக்டர் போட்ட ஏழு நீல சாக்பீஸ் வட்டங்கள் மட்டும் அந்தரத்தில் மிதப்பது போல எனக்குத் தோன்றும்.

அந்த வட்டங்கள்தான் விஷயம். வாடகை வண்டிக்கான தகுதிச் சான்றிதழான எஃப்.சி. வாங்கப் போன இடத்தில் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, துரு தெரிந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். முன் மட்கார்டில் இரண்டு, கதவுகளின் அடியில் நான்கு, டிக்கியில் ஒன்று. "இப்ப மேலாக்கத்தான் இருக்கு. ஓட்ட விழறதுக்குள்ள பாத்துட்டு, திங்கக்கெழம கொண்டா" என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தவறினால் கார் வாடகைக்குப் போகக் கூடாது. கார் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, நான் காலேஜுக்குத் திரும்ப முடியாது. டிங்கருக்கு இடம் தெரிய வேண்டும் என்று அப்பா அந்த வட்டங்களை அழியவிடவே இல்லை. மழைச்சாரல் பட்டால் நீல சாக்பீஸ் எடுத்து மேலேயே மறுபடி வரைந்துவிடுவார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் டிங்கர் இல்லை. கண்டக்டர்தான் சொன்னார், "அவரு மச்சான் ஊட்டுக் கல்யாணமுங்க. புதன்கெழம வர்றாராமா."

அப்பா பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, துருவப் பத்தி உம்பட புஸ்தகத்துல ஏதாச்சும் போட்டிருக்குதா?"

"இருக்குதுங்கப்பா. பத்து மார்க் கேள்வி."

"எத்தன வாங்குன?"

"ஒம்பது."

"அப்பறமென்ன, ஆரம்பி."

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்காமல் நேராகப் படிப்பவன் நான் ஒருவன்தான். அதனால் நான் படித்துச் சொன்னது எதுவும் தப்பாக இருக்காது என்று அவர்கள் இருவரும் நம்பினார்கள். கெமிஸ்ட்ரி முதல் வருஷம் படித்த நானும் நம்பினேன்.

கொப்புளித்திருந்த பெயிண்டைச் சுரண்டினோம். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு வெள்ளியாகப் பளிச்சிடும்வரை தேய்த்தோம். உதிர்ந்த துரு அசல் டீத்தூள் நிறத்தில் இருந்தது. அம்மா அதை முறத்தில் வாரிக்கொண்டே, "இத வெந்நியில போட்டா நல்லா டிகாசன் எறங்கும் போல" என்றாள். அவளுக்கு இறக்கத்திலிருந்த டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலை.

ஏழு வட்டமும் சுத்தமான பிறகு உள்ளே போய்க் களி தின்றுவிட்டு வந்தோம். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெள்ளியாக விட்டுப்போன இரும்பெல்லாம் மெல்லிய பொன் நிறத்தில் பூத்திருந்தது. அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. மேகம் வந்து தடவிவிட்டுப் போயிருந்தது. இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு என்று சமன்பாட்டோடு எழுதி ஒன்பது மார்க் வாங்கியிருந்தேன். அது இத்தனை வேகத்தில் நடக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"மொதல்ல இருந்து தேய்" என்றார் அப்பா.

இந்த முறை ஒவ்வொரு வட்டமாகப் போனோம். நான் தேய்ப்பேன். அம்மா பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பாள். துணி எடுத்த கையோடு அப்பா துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடைப் பூசிவிடுவார். மேகத்துக்கு இடமே கொடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஏழு சிவப்புப் பொட்டுகளோடு நின்றது கார். டப்பாவைத் திருப்பிப் படித்தேன். நான்கு மணி நேரம் உலர விட வேண்டும், அதன்மேல் கலர் பெயிண்ட்.

"நாலு மணி நேரங்கப்பா. ஆறு மணிக்கெல்லாம் கலர் அடிச்சிரலாம்."

ஆறு மணிக்கு விரல் வைத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்தது. டப்பாவில் எழுதியவர் சமவெளிக்காரர் போலிருக்கிறது.

அப்பா பீடியைப் பற்ற வைத்தார். அம்மாதான் பேசினாள். "ஏனுங்க, பச்ச எலயவே காய வெக்கறாங்க. இந்த இரும்பக் காய வெக்க மாட்டாங்களா?"

ஃபேக்டரியின் டிரையருக்குச் சூடு தருவது பின்புறக் கொட்டகையில் இருந்த விறகு அடுப்பு. அதற்கு விறகு போடும் அண்ணன் சிலோனிலிருந்து வந்தவர். இஞ்சினை எழுப்பாமல் காரை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனோம். அவர் கதவைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"என்னாங்க, நம்ம ஃபேக்டரிக்குக் காரையே கொழுந்தாக் கொண்டாந்துட்டீங்களா?"

"திங்கக்கெழம எஃப்.சி.ங்கண்ணா" என்றார் அப்பா.

"மேக்கரய்யா லீவு. நாளைக்குச் சாயங்காலம்தான் வருவாரு. அதுக்குள்ள எடுத்திருங்க. ஓரமா விடுங்க, விறகு எடுக்க வழி வேணும்." மேக்கர்தான் அங்கே டீ தயாரிப்புக்குப் பொறுப்பு.

அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததை இன்றைக்கும் சில நேரம் கனவில் காண்கிறேன். வெளியே உலகமே இல்லை. வாசற்படி வரை மேகம் வந்து நின்றது, உள்ளே வரவில்லை. அடுப்பின் வெளிச்சம் காரின் வெள்ளையில் மெதுவாக அசைந்தது. மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் அன்றைய கொழுந்தைப் பரப்பி வாடப்போட்டிருந்தார்கள். அதன் வாசம், அறுத்த புல்லும் கொய்யாவும் சேர்ந்தது போல, படி வழியாக இறங்கி வந்தது. அப்பா பின் சீட்டில் கால் மடக்கிப் படுத்துத் தூங்கிப்போனார். தன் காரில் பின் சீட்டில் அவர் படுத்ததை அன்றுதான் பார்த்தேன். எங்கேயோ ஒரு பெரிய ஃபேன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது யாருக்காக ஓடுகிறது என்று நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை சிவப்பு கல்லாகக் காய்ந்திருந்தது. பள்ளமான இடங்களில் பட்டி வைத்து இழைத்து, வெள்ளை எனாமலை இரண்டு கை பூசினோம். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் தங்காதபடி உள்பக்கமும் பூசி அடைத்தோம். மதியத்துக்குள் அதுவும் இறுகிவிட்டது. மேக்கர் வருவதற்கு முன்பே கார் வீட்டு வாசலில் நின்றது.

திங்கட்கிழமை ஊட்டியில் இன்ஸ்பெக்டர் சாக்பீஸோடு இரண்டு சுற்று வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். வட்டம் போட இடம் கிடைக்கவில்லை. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டவர், "என்னய்யா வண்டிக்குள்ள இப்பிடி டீ வாசம்?" என்றார். அப்பா, "மலைங்கய்யா" என்று மட்டும் சொன்னார். கையெழுத்து விழுந்தது.

ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பினோம், விறகு அண்ணனுக்குக் கொடுக்க. ஃபேக்டரி முற்றத்தில் அவர் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். எதிரில் மேக்கர், கையில் டீக் கோப்பை.

"மண்ணெண்ணெயக் கொட்டினியா இல்லையா? நேத்து மொதத் தொட்டி எல அம்புட்டும் நாறுது. சொல்லு, இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

அண்ணன் எங்களைப் பார்த்தார், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். காரைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த ஃபேன் ஞாபகம் வந்தது. அடுப்புக் கொட்டகையின் சூட்டை உறிஞ்சி மேல்மாடி இலைக்கு அனுப்புகிற ஃபேன். எங்கள் பெயிண்டின் தின்னர் வாசமெல்லாம் இரவு முழுவதும் அதன் வழியாகத்தான் இலைக்குப் போயிருந்தது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். எஃப்.சி. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "சொல்லு கண்ணு" என்றார்.

"அய்யா, அது மண்ணெண்ணெய் இல்லீங்க. எங்க காருங்க" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். பரீட்சையில்கூட அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன்.

மேக்கர் கோப்பையை மறுபடி உறிஞ்சினார். நாக்கில் உருட்டி, வாய்க்காலில் துப்பினார்.

"ஆமா. அம்பாசடர்தான்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "இத ஏலத்துக்கு அனுப்புனா எம்பேரு போயிரும். நீங்களே எடுத்துக்கங்க. வேலக்காரர் வெலைக்கே தாரேன். எழுதிக்கொடுத்துட்டு வாடகை ஓட்டிக் கட்டுங்க."

"சரிங்க" என்றார் அப்பா. "அண்ணன ஒண்ணுஞ் சொல்லிராதீங்க."

வர்க்கியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, நாற்பத்திரண்டு கிலோ தூளை டிக்கியில் ஏற்றினோம். நாங்கள் துருவை அடைத்த இடங்களில் இன்றுவரை மறுபடி பூக்கவில்லை. அந்தத் தூளை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தும், தீர ஒன்றரை வருஷம் ஆனது. குடிக்கும்போதெல்லாம் அப்பா, "இஞ்சின் நல்லா ஓடுது" என்பார்.

டிங்கர் கேட்டிருந்தது ஐந்நூறு. எங்களுக்குப் பெயிண்ட், பட்டி, உப்புத்தாள் எல்லாம் தொண்ணூற்று நான்கு ரூபாய், டீத்தூள் எழுநூற்று ஐம்பத்தாறு. ஆக மொத்தம் எண்ணூற்று ஐம்பது ரூபாய்.