ஊதாத விசில்

சொல்லாய் முன்னிருந்து, சொல்லால் உலகைச் சமைத்து, மெய்யே வடிவாய் மாந்தர் நடுவே நடந்த முதல்வா, உன் தாளிணைக்கு என் வணக்கம். அறுபது ஆண்டுகளாய் நெஞ்சில் அடக்கியதை இன்று எழுத அமர்கிறேன். கூட்டாமலும் குறைக்காமலும் எழுதக் கைகொடு.

இன்று குருத்தோலைத் திருநாள். ஊரப்பாக்கத்து ஆலயத்தில் ஓலை ஏந்திச் சுற்றிவந்த கூட்டத்தோடு நானும் சுற்றிவந்தேன். வாழ்த்திய அதே வாய்கள் ஐந்தாம் நாளில் ஆண்டவரைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கேட்டன என்று ஆயர் சொன்னபோது, பக்கத்திலிருந்த பெண்கள் வருத்தத்தோடு தலையசைத்தார்கள். அப்படித் தலையசைக்கும் உரிமை எனக்கு இல்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் தாம்பரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்துச் சிறு சபை ஒன்றில் உபதேசியாராக இருந்தார். ஆயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கமும், சாவு விழுந்தால் அடக்க ஆராதனையும் அப்பாவின் பொறுப்பு. ஆலயத்தின் பின்புறம் ஓடு வேய்ந்த இரண்டறை வீட்டைச் சபை எங்களுக்குக் கொடுத்திருந்தது. மலையில் கல்குவாரி. சபையாரில் பாதிப்பேர் அங்கே கல் உடைத்தார்கள். அந்தக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவரே எங்கள் சபையின் செயலாளர்.

அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், வாசலில் எல்லாரும் பார்க்க என் தலையில் கைவைத்து, “நம்ம சபைக்குக் கெடச்ச பாட்டுக் குருவி” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக வாரம் முழுவதும் காத்திருப்பேன். என் அப்பா பிறர் முன்னால் என்னைப் புகழ்ந்ததே இல்லை. வீட்டிலும் அது அரிது.

பாறைக்கு வேட்டு வைக்குமுன் குவாரி மேஸ்திரி மூன்று முறை நீட்டி விசில் ஊதுவார். மலைக்குக் கீழே இருந்த எங்கள் பள்ளியில் அது ஒரு சடங்காகிவிட்டிருந்தது. விசில் கேட்டதும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைப்பார்; பிள்ளைகள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வோம்; மலை இடித்து ஓய்ந்தபின் வாய்ப்பாடு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வியாழக்கிழமை யாரும் காதைப் பொத்தவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் வேட்டு வெடித்தது. என் மடியிலிருந்த சிலேட்டு தரையில் விழுந்து இரண்டாய் உடைந்தது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குவாரிக்குள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த ஓர் இளைஞன் பாறைக்குக் கீழே போய்விட்டான். எங்கள் சபையான்தான். கலியாணமாகி ஒரு வருடம். மனைவிக்கு ஏழாம் மாதம்.

மாலைக்குள் ஊரில் ஒரு பேச்சு பரவியது: விசில் ஊதினார்கள், அவன்தான் குடித்துவிட்டுப் போய் நின்றான். போலீசாரும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா உள்ளே அழைத்தும் வரவில்லை.

“அய்யா, காலைல அவுரு கூழுதான் குடிச்சுட்டுப் போனாரு. வேற இன்னாத்த குடிச்சாரு? சபையில அத மட்டும் சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம். நாளைக்கு எம்புள்ளயப் பாத்து குடிகாரன் பெத்ததுன்னு சொல்லுவாங்களே.”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அடக்க ஆராதனையில் மரித்தவரின் சரித்திரத்தை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். செயலாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், உபதேசியார் வாசிப்பார், சபையார் ஆமென் சொல்வார்கள். அந்த ஆமெனுக்குப் பின் அத்தாளில் உள்ளதை ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, தாத்தாவின் தாளில் என்ன இருந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அவள் போனபின் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நேத்து விசில் கேட்டுச்சாம்மா?” என்றார். இல்லை என்றேன். சிலேட்டு உடைந்ததையும் சொன்னேன். இரண்டாவது முறை அவர் கேட்கவில்லை. எழுந்து அம்மாவிடம், “சாமான்களைக் கட்டவேண்டி வரலாம்” என்று மட்டும் சொன்னார். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் புடைத்தாள்.

அன்று பிற்பகல் ஆலயம் நிறைந்திருந்தது. பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அப்பா தாளை வாசிக்கத் தொடங்கினார். பிறந்த ஊர், திருமுழுக்குப் பெற்ற ஆண்டு, திருமணம். பிறகு வாசிப்பதை நிறுத்தினார். கூட்டம் தலைநிமிர்ந்தது.

“அடுத்த வரியை இந்தப் பீடத்தில் நின்று என்னால் வாசிக்க இயலாது” என்றார். “எச்சரிப்பு விசிலை மதியாமல், மதுமயக்கத்தில் மரித்தார், வாலிபர்கள் இதைப் பாடமாகக் கொள்க என்று எழுதியிருக்கிறது. நேற்று விசில் ஊதப்படவில்லை. இவன் குடித்திருக்கவும் இல்லை. கடவுளுக்கு முன்பாக இதைச் சொல்கிறேன்.”

செயலாளர் நிதானமாக எழுந்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

“உபதேசியாரே, நீங்க குவாரியில இருந்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப யார் சொன்னாங்க?”

அப்பா தாளின் விளிம்பை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். டீச்சர் மூன்றாவது வரிசையில் இருந்தார். தம் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகளில் பதின்மராவது அங்கே இருந்தார்கள்.

செயலாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, முன்னால் பாய்மேல் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்தார். “நம்ம குருவி அந்த ஸ்கூல்லதானே படிக்குது. நீ சொல்லு கண்ணு. கொழந்த பொய் சொல்லாது. விசில் கேட்டுச்சா, இல்லியா?”

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மறைந்துவிடக் கூடாது என்பது ஒன்றே அப்போது என் நெஞ்சில் இருந்தது.

“கேட்டுச்சு மாமா.”

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ பின்னால், “பாத்தியா, உபதேசியாரு வூட்டுலயே சாட்சி ஒத்து வரல” என்றார். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். செயலாளர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அப்பாவின் கையிலிருந்த தாளை மெதுவாக உருவி, தாமே முழுவதும் வாசித்தார். சபையார் ஆமென் சொன்னார்கள். அப்பா சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. அவள் செயலாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அப்பா பெட்டிக்குத் தோள்கொடுத்துக் கல்லறை வரை போய், ஜெபம் செய்து, மண் தள்ளி முடியும்வரை நின்றுவிட்டு வந்தார். மறுவாரம் சபைக் குழு கூடியது. உபதேசியாரின் பணி இனித் தேவையில்லை என்று ஒரு தாள் வந்தது. ஒரு மாட்டுவண்டியில் எங்கள் சாமான்கள் அடங்கிவிட்டன. கூடுவாஞ்சேரியில் ஒரு மரவாடியில் அப்பா எழுத்தராகச் சேர்ந்தார். அதன்பின் இறக்கும்வரை எந்தப் பீடத்திலும் அவரை ஏற்றவில்லை. பொய்சொல்லி உபதேசியார் என்ற பெயர் ரயிலேறி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

வண்டி புறப்படும் முன் அவரிடம் கேட்டேன்: “எம்மேல கோவமாப்பா?”

அவர் சணல்கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். “உன்ன யாரும் சபையில இழுக்கக் கூடாதுன்னுதான் பேர் சொல்லல. கடைசில உன்னத்தான் இழுத்தாங்க” என்றார். பிறகு என் தலையைத் தடவி, “கோவம் இல்லம்மா” என்றார்.

என் பாரம் அப்போதே இறங்கிவிட்டது. வண்டியில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். அம்மா ஒருமுறைகூட என்னை நிறுத்தச் சொல்லவில்லை, உடன் பாடவும் இல்லை. குவாரிச் சாலையின் திருப்பத்தில் அந்தப் பெண் குடத்தோடு ஓரமாய் ஒதுங்கி வண்டிக்கு வழிவிட்டாள். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவளுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தப்புச் செய்தவள் நான், மன்னிக்க வேண்டியவர் அப்பா, அவர்தான் மன்னித்துவிட்டாரே என்று எண்ணி, அடுத்த பாட்டைத் தொடங்கினேன். இறங்கிப் போய் அவள் முன் நிற்க வேண்டியவள் நான் என்பது விளங்குவதற்குள் அங்கே குவாரியும் இல்லை, அவள் வீடும் இல்லை. அவள் பெற்றது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

இதை வாசிக்கும் யாவருக்கும், கேட்கப்படும் வேளையில் உள்ளதை உள்ளபடி சொல்லும் உரத்தை ஆண்டவர் அருள்வாராக. சொல்லத் தவறியவர்களுக்கு, திரும்பிச் சென்று தட்ட ஒரு கதவை அவர் விட்டுவைப்பாராக.