பாகீரதி படித்த பிரெஞ்சு

பாகீரதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் ஸ்ரீகண்டனைக் கம்பெனி பிரான்சுக்கு அனுப்பியது. துலூஸ் என்று ஓர் ஊர். என்ஜின் வடிவமைப்பில் இரண்டு வருஷப் பயிற்சி. 1969 ஆகஸ்டில், மலையாள நாட்டுத் தலைநகரில் கோட்டைக்குள் இருந்த அக்ரகார வீட்டு வாசலில் டாக்சி ஏறும்போது, ஆறு மாதத்தில் அங்கே வீடு பார்த்துவிட்டு அவளை அழைத்துக்கொள்வதாக எல்லோர் முன்னாலும் சொன்னான். அவளிடம் தனியாகச் சொன்னது ஒன்றுதான். பிரெஞ்சு கொஞ்சம் படித்து வை, அங்கே இங்கிலீஷ் செல்லாது, கத்தரிக்காய் வாங்கக்கூட வாய் வேண்டும் என்றான்.

மாமனார் ராமசுப்ரமணியன் ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரே விசாரித்து, ஊரின் மறுகோடியில் பட்டம் என்கிற பேட்டையில் ராகேல் என்ற டீச்சர் வீட்டில் பிரெஞ்சு வகுப்பு நடப்பதைக் கண்டுபிடித்தார். ராகேலின் குடும்பம் நாகர்கோவில் பக்கம். தகப்பனாருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மாஹியில் வேலையாயிருந்ததால் அவள் அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள். பாகீரதியைவிட இரண்டு வயதுதான் கூட. வாரத்தில் மூன்று நாள், மத்தியானச் சாப்பாடு ஆனதும், பாகீரதி கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிப் பட்டத்துக்குப் போய்வந்தாள். வகுப்பில் எட்டுப் பேர். வினைச்சொற்களை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்க வேண்டும். அவள் தோசைக்கு அரைத்துக்கொண்டே ஒப்பித்தாள், துணி உலர்த்திக்கொண்டே ஒப்பித்தாள். மாமியார் சுப்புலக்ஷ்மிக்கு அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. மருமகள் போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்கு வாய்க்கு ருசியாய்ச் சாப்பாடாவது கிடைக்கும் என்று அவள் நினைத்தாள்.

ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. வீடு கிடைக்கவில்லை என்று ஸ்ரீகண்டன் எழுதினான். பிறகு, குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, பார்க்கலாம் என்று எழுதினான். வாரம் ஒன்றாக வந்த கடிதம் மாதம் ஒன்றாயிற்று. வகுப்பில் ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் பாகீரதி ஒருத்திதான் மிஞ்சினாள். புத்தகம் முடிகிறபோது பயணமும் கூடிவிடும் என்று அவளுக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை விழுந்திருந்தது. அதனால் ஒரு பாடத்தையும் விட மனமில்லை.

கடைசிப் பாடத்தை மட்டும் ராகேல் நடத்தத் தயங்கினாள். "அது வேண்டாம் பாகீரதி. இப்ப அங்க யாரும் அப்படிப் பேசமாட்டாங்க. பழைய புஸ்தகத்துலதான் கிடக்கும்."

பாகீரதி கேட்கவில்லை. அது ஒரு விசித்திரமான வினைவடிவம். முன்பொரு காலத்தில் ஒருவர் ஒன்றை விரும்பினார், அல்லது ஒன்றுக்குப் பயந்தார் என்று சொன்னால், அந்த விரும்பப்பட்ட, பயப்பட்ட காரியத்துக்கு இந்த வடிவம். நடந்ததா இல்லையா என்று அது சொல்லாது. வினையை, கதைகளில் மட்டும் வருகிற ஓர் இறந்தகாலத்திலிருந்து பிய்த்து எடுத்து, அதற்கு வேறு வால் ஒட்ட வேண்டும். 'பேசு' என்ற வினை என்றால் பர்லாஸ், பர்லாஸ், பர்லா, பர்லாசியோன், பர்லாசியே, பர்லாஸ். 'அவன்', 'அவள்' வருமிடத்தில் உயிரெழுத்தின் தலையில் சின்னதாக ஒரு கூரை போட வேண்டும். சில வினைகளில் அந்தக் கூரை ஒன்றுதான் வித்தியாசம். கூரையை எடுத்துவிட்டால் 'நடந்தது' என்று அர்த்தமாகிவிடும். காதுக்கு இரண்டும் ஒன்றே. அறுபது வினைகளை அவள் ஒரு நோட்டில் எழுதி முடித்தாள். ராகேலால் ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

1971 ஜனவரியில் புருஷனுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சில் கடிதம் எழுதினாள். திருவாதிரைக்குள் நீங்கள் வந்துவிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். உங்கள் அப்பாவுக்குக் கண் புரை முற்றிவிடுமோ என்று அம்மா பயந்தாள். இப்படி மூன்று இடத்தில் அந்த வடிவத்தைப் பொருத்தி, கீழே 'உங்கள் மனைவி பாகீரதி' என்று கையெழுத்துப் போட்டாள். ஸ்ரீகண்டன் தமிழில் பதில் போட்டான். உன் பிரெஞ்சு பிரமாதம், ஆனால் இங்கே இப்படி யாரும் எழுதமாட்டார்கள், படித்தால் சிரிப்பு வருகிறது என்று நாலே வரி. பாகீரதி அந்தப் பதிலை யாரிடமும் காட்டவில்லை. வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் முடிந்தது. பயிற்சியை நீட்டித்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. 1972 பிப்ரவரியில், பகல் பதினோரு மணி இருக்கும், தபால்காரர் வேலாயுதன் ஒரு நீல உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சுத் தபால்தலை, ஆனால் ஸ்ரீகண்டன் கையெழுத்தல்ல. விலாசம் பாகீரதி பேருக்கு இருந்தது. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று சுப்புலக்ஷ்மி கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார், அதில் தமக்கு ஒரு சொல்லும் புரியாது என்பதை மறந்து.

பாகீரதி நின்றபடியே படித்தாள். எழுதியவள் பெயர் மோனிக். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உருண்டை உருண்டையாக, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதியிருந்தாள். ஸ்ரீகண்டனும் அவளும் ஒன்றரை வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். டிசம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவனுக்கு மனைவி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. போன மாதம் மேஜை இழுப்பறையில் தமிழ்க் கடிதங்கள் ஒரு கட்டு கிடைத்தது. தாயார் எழுதுகிறாள் என்றுதான் எப்போதும் சொல்வானாம். அந்தக் கட்டில் ஒன்று மட்டும் பிரெஞ்சில் இருந்தது. அதனால்தான் தெரிந்தது என்று எழுதியிருந்தாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை என்றும், அதன் கீழே, இதை அவரே உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நான் விரும்பியிருப்பேன் என்றும் எழுதியிருந்தாள்.

'சொல்ல' என்ற வினையின் மேல் கூரை இருந்தது. சரியான இடத்தில், சரியான வடிவத்தில். பாடத்துக்கும் தன் எழுத்துக்கும் வெளியே பாகீரதி அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லை விட்டுக் கண்ணை எடுக்க அவளால் முடியவில்லை.

"என்னாக்கும் எழுதியிருக்கு? வாய்விட்டுச் சொல்லேன்" என்றாள் சுப்புலக்ஷ்மி. "உடம்புக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. அவருக்கு அங்க வேற குடும்பம் ஆயாச்சு. ஒரு பொண் குழந்தையும் பொறந்திருக்கு."

ராமசுப்ரமணியன் நம்பவில்லை. நீ படித்தது ஒன்றரை வருஷம், தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டிருப்பாய் என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அன்று சாயந்திரமே கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ராகேல் வீட்டுக்குப் போனார். ராகேல் இரண்டு முறை படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து அவரிடம் கொடுக்காமல் பாகீரதி கையில் கொடுத்தாள்.

"பாகீரதி சொன்னது சரிதான் சாமி. ஒரு வார்த்தகூடத் தப்பில்ல."

திரும்பும் பஸ் கிழக்கேகோட்டை வந்து எல்லோரும் இறங்கியான பிறகும் ராமசுப்ரமணியன் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் வந்து மலையாளத்தில் இறங்கச் சொன்னதும், பாகீரதி அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

சுப்புலக்ஷ்மி ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். "தமிழ்ல எழுதியிருந்தா அவளுக்கு ஓரெழுத்துப் புரிஞ்சிருக்குமோ? அலுத்துப் போய் அவனே ஒரு நாள் வந்திருப்பான். நீயாக்கும் பெரிய படிப்புப் படிச்சு அவளுக்குத் தெரிவிச்சது."

பாகீரதியும் ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் தகப்பனார் உயிரோடு இல்லை. அண்ணன் பம்பாயில் ஒண்டுக் குடித்தனம். போக இடம் இல்லாததால் அந்த வீட்டிலேயே இருந்தாள். வெளியே போகச் சொல்ல அவர்களுக்கும் மனம் வரவில்லை. 1975இல் ராமசுப்ரமணியன் போனார். தந்தி கொடுத்தும் பிள்ளை வரவில்லை. அவனுடைய சித்தப்பா மகன் சாம்பசிவன்தான் கொள்ளி வைத்தான். ராகேல் கல்யாணமாகிக் கோழிக்கோட்டுக்குப் போகும்போது, தான் பாடம் எடுத்துவந்த டுடோரியல் காலேஜில் தன் இடத்துக்குப் பாகீரதியைச் சேர்த்துவிட்டாள். இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் விழும் என்று வருகிற பிரீடிகிரிப் பிள்ளைகள். கடைசிப் பாடம் பரீட்சைக்கு இல்லை. அவளும் அதைத் தொடவில்லை.

1980 ஜனவரியில் ஸ்ரீகண்டன் வந்தான். பக்கவாதம் வந்து தாயார் படுத்துவிட்டாள் என்று சாம்பசிவன் எழுதியிருந்தான். கூடவே எட்டு வயதுப் பெண், பெயர் எலிஸ். மோனிக் வரவில்லை. அவன் தலை பாதி நரைத்திருந்தது. தமிழ் பேசும்போது சொல்லுக்குச் சொல் நின்றான். பாகீரதியைப் பார்த்து, சௌக்கியமா என்றான். அவள் தலையை அசைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். தங்கியிருந்த பத்து நாளும் பெரும்பாலும் வெளியில்தான் இருந்தான்.

எலிஸுக்குப் பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாது. சுப்புலக்ஷ்மிக்கு வாய் கோணினாலும் பேச்சுப் போகவில்லை. பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்தி விடாமல் பேசினாள். பசிக்கிறதா கேளு. மூக்கு தாத்தா மூக்கு என்று சொல்லு. அங்கே பனி பெய்யுமா கேளு. கட்டிலின் ஒரு பக்கம் குழந்தையும் மறுபக்கம் பாகீரதியும் இருந்தார்கள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மூன்றாம் நாள் குழந்தை, நீங்கள் யார் என்று அவளையே கேட்டாள். பாட்டி அதற்கும் அர்த்தம் கேட்டாள். பாகீரதி குழந்தையிடம், நான் டீச்சர் என்றாள். மாமியாரிடமும் அதையே சொன்னாள். சுப்புலக்ஷ்மி நல்ல கையை நீட்டி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று காலையில், இனி எப்போது வருவாய் என்று கேட்கச் சொன்னாள் சுப்புலக்ஷ்மி. எலிஸ் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"இனி வரமாட்டாளாம், அம்மா. அப்பா சொல்லியிருக்காராம்."

சுப்புலக்ஷ்மி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்சி வந்ததும், போனதும் அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் ஆடியில், கர்க்கடக மாதத்து அடைமழையில் சுப்புலக்ஷ்மி போய்விட்டாள். அடுத்த வருஷம் வீடு கைமாறியது. சாம்பசிவன் பட்டத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் பாகீரதிக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தான். அங்கே போய்ச் சேர்ந்த புதிதில், கோட்டை விலாசத்துக்கு வந்த ஒரு கடிதத்தை வேலாயுதன் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். எலிஸ் எழுதியிருந்தாள். பாட்டி எழுந்து நடக்கிறாளா, பனி பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுதப் பாகீரதிக்கு நான்கு நாள் ஆயிற்று. குழந்தைக்குப் புரிய வேண்டுமே என்று சின்னச் சின்ன வாக்கியமாக, கூரை போட்ட வினை ஒன்றுகூட இல்லாமல் எழுதினாள். பாட்டி இறந்துவிட்டாள். அன்று மழை. வலி அதிகமில்லை. உன்னைப் பற்றிப் பேசினாள். டுடோரியலுக்குப் போகிற வழியில் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். துலூஸிலிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.