மூன்றாம் பாட்டில் ஒரு நிறுத்தம்

என் தங்கையின் கணவர் அச்சகத்தில் மெஷின்மேன். முப்பத்தாறு வருடம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றவர். சனிக்கிழமை அவருக்கு அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து, விரல் இடுக்கில் இருக்கும் மையைத் தேய்த்துக் கழுவி, சரியாக மூன்று மணிக்கு பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிவிடுவார். அவர்களுடைய ராக் குழுவுக்குப் பெயர் ‘தகரம்’. பயிற்சி நடந்தது என் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில். பெயருக்காக யாரும் அதிகம் மெனக்கெடவில்லை.

கொட்டகை என்னுடையது என்பதால் குழுவின் நோட்டும் என்னிடமே இருந்தது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். முதல் பதிவு 1987 மார்ச் 14, சனிக்கிழமை, நான்கு பேர். 2019 தொடக்கம் வரை மொத்தம் பதின்மூன்று பேர்: பாட ஐந்து பேர், லீட் கிட்டாருக்கு நால்வர், டிரம்ஸுக்கு மூவர். பேஸுக்கு ஒருவர்தான், எங்கள் மாப்பிள்ளை. மற்றவர்கள் கல்யாணம், வெளிநாடு, மாற்றல், இடுப்புவலி என்று போனார்கள். ஒருவருக்குக் காரணம் ‘மாமனார் வேண்டாம் என்றார்’. மாப்பிள்ளை பெயருக்கு எதிரே மட்டும் கட்டம் காலி. “அந்தக் கட்டத்துல பேனாவே படக் கூடாது மச்சான்” என்பார்.

அவர்களில் யாருக்கும் இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: விலகுகிறவர் நான்கு சனிக்கிழமை புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒருவரால்தான் அது முடியாமல் போனது. முதல் டிரம்ஸ்காரரான பேக்கரிக்காரர் 2004 அக்டோபர் 7, வியாழக்கிழமை காலை, அடுப்புக்கு முன்னாலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாசிப்பை நினைவிலிருந்து மேசையில் தட்டித் தட்டி அடுத்தவருக்குக் கொடுத்தது மாப்பிள்ளைதான்.

மூன்றாவது பாட்டின் நடுவில் பேக்கரிக்காரருக்கு எப்போதும் மூக்குக்கண்ணாடி சரியும். ஒரு கணம் நிறுத்தி, மேலே தள்ளிவிட்டுத் தொடர்வார். மற்றவர்களும் கூடவே நிற்பார்கள். மாப்பிள்ளை அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே கொடுத்தார். அடுத்தவர் 2012-இல், மூன்றாவதாக டிரம்ஸுக்கு வந்த நர்ஸம்மாவிடம் அதை அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போனார். நர்ஸம்மா கண்ணாடியே போடுவதில்லை.

2015 வாக்கில் மாப்பிள்ளைக்குக் காது போகத் தொடங்கியது. என் தங்கை சமையலறையிலிருந்து கூப்பிடுவதை விட்டுவிட்டு எதிரே வந்து நின்று பேசப் பழகிவிட்டாள். இயந்திரச் சத்தம் செய்த வேலை என்று டாக்டர் சொன்னது எங்கள் மூவருக்குள் இருந்தது. “வெளியில தெரிஞ்சா அன்னைக்கே நான் வெளியதான் மச்சான். செவிடன் பக்கத்துல நின்னு யாரு வாசிப்பா?” கண் நன்றாகத்தான் இருந்தது. நர்ஸம்மாவின் வலது தோளைப் பார்த்துப் பார்த்தே தாளத்தைப் பிடித்தார். அந்த நிறுத்தம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

2019 ஜூன் 15. டீ குடிக்கும்போது, பாடகரான டியூஷன் வாத்தியார் பேச்சை எடுத்தார்.

“மூணாவது பாட்டுல நடுவுல ஒண்ணு நிக்குதே, வண்டி பள்ளத்துல எறங்குன மாதிரி. எடுத்துடலாமாண்ணே?”

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தன் பக்கம் திரும்புவதைக் கண்டு தலையாட்டினார். “ஆமாமா, செஞ்சிடலாம்.”

அந்தப் பாட்டு வந்தது. அந்த இடத்தில் அவர் கண்ணை மூடி நின்றார். மற்றவர்கள் நிற்காமல் வாசித்துக்கொண்டே போனார்கள். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் வாசிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பதானே தலையாட்டுனீங்க! தூங்கிட்டீங்களாண்ணே?” என்றார் வாத்தியார்.

நர்ஸம்மா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் ஒரு தடவை கை தட்டினார். மாப்பிள்ளை திரும்பவில்லை. நர்ஸம்மா அவர் முன்னால் வந்து, வாயசைவு தெரியும்படி மெதுவாகக் கேட்டார்: “எத்தனை வருஷமாண்ணே?”

“நாலு.”

வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மாப்பிள்ளை பேக்கரிக்காரரின் கண்ணாடிக் கதையைச் சொன்னார். “அது பாட்டுல இல்லாததுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எடுக்க மனசு வரல. இனிமே நான் விலகிக்கிறேன்.”

“நீங்க போக வேணாம். நான் தோளை நல்லா அசைச்சுக் காட்டுறேன்” என்றார் நர்ஸம்மா.

“நீ டிரம்ஸ் வாசிப்பியா, எனக்கு டிராஃபிக் போலீஸ் வேலை பாப்பியா? போம்மா.” சிரித்தபடிதான் சொன்னார். கிட்டாரை உறையில் வைக்க மட்டும் வெகுநேரம் ஆயிற்று.

நோட்டில் பதினான்காவது பெயர், பேஸுக்கு வந்த ஒரு வேன் டிரைவருடையது. வயது நாற்பத்தாறு. ஜூன் 22 முதல் ஜூலை 13 வரை நான்கு சனிக்கிழமையும் மாப்பிள்ளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தந்திமேல் போகும் விரல்களைப் பார்த்தே திருத்தினார். அந்த நிறுத்தத்தைப் பற்றியோ கண்ணாடியைப் பற்றியோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஜூலை 20 அன்று மாப்பிள்ளைக்கு வாசிக்க இடமில்லை. சுவரோரமாக நின்று, தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டு தொடங்கியது. தகரம் அதிர்வதை நான் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். நடுவில் நர்ஸம்மா குச்சிகளை உயர்த்தி அப்படியே நிறுத்தினார். வாத்தியார் நின்றார். லீட் கிட்டாரும் வேன் டிரைவரும் நின்றார்கள். தகரம் ஒரு கணம் அசையாமல் இருந்து, மறுபடி அதிரத் தொடங்கியது.

மாப்பிள்ளை கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

“நின்னுச்சு மச்சான்.”

பாட்டு முடிந்ததும் வந்து, நோட்டை என் மடியில் பிரித்து வைத்து, காலிக் கட்டத்தில் விரலை ஊன்றினார். தேதியை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘காது’ என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.