இருபத்திரண்டு அந்தர் ஒஸ்டின்

மலைநாட்டில் ஒரு வாகனத்தைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு: ஏறுமா? புது வண்டி வாங்கியவனிடம் யாரும் அதன் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். "ஃபெக்டரி மேட்டுல ஏறுமா?" என்பார்கள். ஏறினால் வண்டி, ஏறாவிட்டால் தகரம். இறங்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இறங்குவதற்கு என்ன பெரிய படிப்பு வேண்டும், உருட்டிவிட்டால் பூசணிக்காய்கூட இறங்கும் என்பது இங்கே பொது அபிப்பிராயம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் வினோதா மட்டும் இந்த விஷயத்தில் வேறு கட்சி.

வினோதாவுக்கு முப்பத்தெட்டு வயது. பதினொரு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். பிறகு ஓட்டோ ஓட்டினாள். இப்போது இரண்டு வருஷமாக, பின்னால் சாமான் ஏற்றுகிற டபுள் கெப். ஹட்டனில் ஹயருக்கு நிற்கிற கெப்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண். கொழுந்து நிறுக்கிற காலத்திலேயே தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டாள். "நல்லாப் பாரு, மூக்குக் கண்ணாடி வேணுமா?" என்று கணக்கப்பிள்ளை கிண்டல் செய்வார். "இருந்தா குடுங்க ஐயா" என்பாள். அந்தப் பழக்கம் கெப்புக்கும் வந்துவிட்டது. காலையில் நான்கு டயரையும் தட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்துத்தான் புறப்படுவாள். மற்ற டிரைவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டு, "வினோதாக்கா பெரட்டு எடுக்குது, எல்லாரும் வரிசையா நில்லுங்கடா" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே நான்காவது டயரையும் தட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தினமும் ஸ்டாண்டில் நின்று யார் கூப்பிடுவார்கள் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல், நிரந்தரமாக ஒரு கடை ஓட்டம் வேண்டும். ஹட்டனில் நஸார் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குத் தகரம், சீமெந்து, குழாய் என்று நாள் தவறாமல் ஓட்டம் இருந்தது. அதைச் சோலைமலை என்ற டிரைவர் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு எதையும் முடியாதென்று சொல்லி வழக்கமில்லை. கட்ட ஒரு கயிறு இருந்தால் போதும், மலையையே இழுத்துக்கொண்டு வருகிறேன் என்பான்.

ஒருநாள் நஸார் நானாவே ஸ்டாண்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, அக்கரப்பத்தனையில ஒரு பழைய ஒஸ்டின் வாங்கியிருக்கேன். கணேசமூர்த்தி கிளாக்கரோட கார். இருபது வருஷமா ஷெட்டுல கெடக்கு. மகள் ஜிப்ரியாவுக்கு மாசக் கடைசியில நிக்காஹ், அந்தக் கார்லதான் போவேன்னு நிக்கிறா. கினிகத்தேனை மெக்கானிக்கிட்ட சேர்த்துடணும். ட்ரெய்லர் என்கிட்ட இருக்கு, உங்க கெப்ல கொளுவி இழுக்க ஏலுமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "இதைச் செஞ்சு தந்தீங்கன்னா, கடை ஓட்டத்தைப் பத்தியும் பேசலாம்" என்றார்.

வினோதாவுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இருந்தாலும் வாய் பழைய வாய்தானே. "கார் எவ்வளவு பாரங்க நானா?" என்றது.

மறுநாள் காலை எல்லோரும் அக்கரப்பத்தனையில், அந்தத் தோட்டத்து ஷெட்டின் முன்னால் நின்றார்கள். ஒஸ்டின் வயதானாலும் மினுக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தது. இஞ்சின் அசையவில்லை. பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போய் அங்கேயே தங்கிவிட்டது. கிளாக்கர் ஐயா பத்திரமாக வைத்திருந்த பழைய பதிவுப் புத்தகத்தை விரித்தார். அதில் காரின் பாரம் இருபத்திரண்டு அந்தர் என்று இருந்தது.

வினோதாவின் புருஷன் விஜிதரன் அன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். கெப்போடு வந்த புத்தகத்தைப் புரட்டினான். பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் இரண்டரைத் தொன் இழுக்கலாம், பிரேக் இல்லாததென்றால் எழுநூற்றைம்பது கிலோதான் என்று வாசித்தான். நஸார் நானாவின் ட்ரெய்லர் வெல்டிங் கடையில் செய்தது. சில்லு நான்கு இருந்தது. பிரேக் ஒன்றுகூட இல்லை.

"புத்தகம் எழுதினவன் ஹட்டனைக் கண்டானா?" என்றார் நஸார் நானா. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது.

"அப்ப நம்மளே பார்த்துருவோம்" என்றாள் வினோதா.

அந்தரைக் கேட்டதும் அவளுக்கு உர ஸ்டோர் ஞாபகம் வந்துவிட்டது. உர மூட்டை ஒன்று ஐம்பது கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு அந்தர். இருபத்திரண்டு மூட்டையை ட்ரெய்லரில் அடுக்கினால் அதுதான் கார். கார் கவிழ்ந்தால் போச்சு, மூட்டை கவிழ்ந்தால் திருப்பி அடுக்கலாம். ஸ்டோருக்குப் பொறுப்பான கண்டாக்கையாவிடம் போய்க் கெஞ்சினாள். அவர் ஒரு மணி நேரத்துக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணி ஏற்றிவிட்டு, அவை காணாமல் போய்விடும் என்பதுபோல ட்ரெய்லர் பக்கத்திலேயே காவல் நின்றார்.

முதலில் ஏற்றம். தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்து மேட்டில் கெப் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறியது. நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தாள், அப்போதும் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

"பார்த்தீங்களா! சும்மா பயந்தீங்க தங்கச்சி. மூட்டையை எறக்கிட்டுக் கார ஏத்துவோம்" என்றார் நஸார் நானா.

"இருங்க நானா. இன்னும் எறங்கிப் பார்க்கல."

"எறங்கி என்னத்தப் பார்க்கிறது?"

"கினிகத்தேனைக்கு ஏறியா போகப் போறோம்? நீங்களும் உள்ள ஏறுங்க."

மேட்டின் மறுபக்கத்து ரோடு நேராகப் போய்த் தோட்டத்து மைதானத்தில் முடிந்தது. எதிலும் மோதாமல் ஓடி நிற்க இடம் தாராளமாக இருந்ததால்தான் அதை அவள் தேர்ந்தெடுத்தாள். எல்லோரையும் வரம்பின் மேல் ஏறி நிற்கச் சொன்னாள். இறக்கம் முடியும் இடத்தில் விஜிதரன் முன்பே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தான். மூட்டை ஏற்றுமுன் வெறும் ட்ரெய்லரோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, கோட்டுக்குப் பன்னிரண்டு அடி முன்னாலேயே நிறுத்தியிருந்தாள்.

இப்போது மூட்டைகளோடு இறங்கினாள். தூறலில் ரோடு நனைந்திருந்தது. இரண்டாவது கியர், வேகம் இருபதைத் தாண்டவில்லை. வெறும் ட்ரெய்லரோடு வந்தபோது மிதித்த அதே இடத்தில் பிரேக்கை மிதித்தாள். கெப் நிற்கத்தான் பார்த்தது. பின்னால் வந்தது விடவில்லை. திருவிழாக் கூட்டம் முதுகில் தள்ளுவதுபோல நெட்டித் தள்ளியது. ஸ்டியரிங் கையில் லேசாகிப்போனது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் வால் ஒரு பக்கமாக விலகி, முந்திக்கொண்டு போக வழி தேடியது. "யா அல்லாஹ்!" என்று நஸார் நானா டேஷ்போர்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கோடு போயிற்று. மைதானத்துப் புல் வந்தது. கெப் சாவகாசமாக வழுக்கிக்கொண்டே போய், கோல் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவில் புகுந்து நின்றது.

வரம்பின் மேலிருந்து மொத்தக் கூட்டமும் "கோ...ல்!" என்று கத்தியது. கண்டாக்கையா மட்டும் மூட்டை எண்ண ஓடிவந்தார்.

வினோதா இறங்கிப் போய்க் கோட்டிலிருந்து கெப்வரைக்கும் காலடியால் அளந்தாள். முப்பத்தொரு அடி. கினிகத்தேனை இறக்கத்தில் முப்பத்தொரு அடி என்றால், அது அடுத்த வளைவையும் தாண்டி அந்தரத்தில் இருக்கும்.

"நானா, இது ஏறிடும். ஆனா எறங்காது."

"எறங்காம? கீழதானே போவும்!"

"அதாங்க பிரச்சினை. போகும். நிக்காது."

நஸார் நானா முகத்தைத் துடைத்துக்கொண்டார். பயம் கொஞ்சம் கோபமாக மாறியிருந்தது. "சோலைமலை கயிறோட வாறேன்னு ரெண்டு தரம் போன் பண்ணிட்டான். நீங்க ஏலாதுன்னா அவனைத்தான் கூப்பிடணும். கடை ஓட்டமும் பிறகு அவனோடதான், பிறகு நான் சொல்லல்லன்னு சொல்ல வேணாம்."

அந்த நிமிஷத்தில் வினோதாவின் மனது தடுமாறத்தான் செய்தது. மெதுமெதுவாக ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமே, ஒரு தடவைதானே என்று ஒரு குரல் உள்ளே கெஞ்சியது. எத்தனை நாள் ஆசைப்பட்ட ஓட்டம்! விஜிதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"ஏலாது நானா" என்றாள். "ஓட்டம் போனாப் போகட்டும். ஆனா அவரையும் கூப்பிட்டுறாதீங்க. கயித்துல இழுத்தா பின்னால கார்ல ஒருத்தர் உக்காந்து பிரேக் புடிக்கணும். அதுல பிரேக் எங்க இருக்கு? யாரு உக்கார்றது, நீங்களா?"

நஸார் நானா ஒஸ்டின் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைப் பார்த்தார்.

"கார முதுகுல தூக்கிட்டுப் போற கெரியர் லொறிய வரச் சொல்லுங்க" என்றாள் வினோதா.

"அது இங்க வராது. வர்ற வழியில ஒரு வளைவுல பெரிய லொறி திரும்பாது..."

"இங்க வர வேணாம். மெயின் ரோட்டுல நிக்கட்டும். ஷெட்டுலருந்து மெயின் ரோடுவரைக்கும் முழுக்க ஏத்தம். அதை நான் செய்றேன். எறக்கத்தை அவங்க செய்யட்டும்."

அப்படி ஒரு வேலையை இரண்டாகப் பிரிக்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. நஸார் நானா கெரியர் லொறிக்குப் போன் பண்ண, மூட்டைகளை இறக்கிவிட்டு ஒஸ்டினை ட்ரெய்லரில் ஏற்றினார்கள். புத்தகக் கணக்குப்படி ஏற்றத்துக்கும் பாரம் கூடுதல்தான். அதனால் நடை வேகத்துக்கு மேல் போகவில்லை. விஜிதரனும் இன்னொருவரும் ஆளுக்கொரு மரக்கட்டையோடு ட்ரெய்லர் சில்லுகளின் பக்கத்திலேயே நடந்தார்கள். கெப் நின்றால் உடனே கட்டையை அணை கொடுப்பார்கள். ஒரு மைல் போக முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் நடந்து வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஒஸ்டினுக்கே நிக்காஹ் போலிருந்தது.

மெயின் ரோட்டில் கெரியர் லொறி காத்திருந்தது. சங்கிலி போட்டுக் காரை மேலே இழுத்து, நான்கு பக்கமும் கட்டினார்கள். கெரியர் டிரைவர் தன் பக்கத்துச் சீட்டைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்தார். நஸார் நானா அவருக்குச் சலாம் சொன்னார். ஆனால் ஏறவில்லை. திரும்பி நடந்து வந்து, வினோதாவின் கெப் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அங்க ஏறலையா நானா?" என்றாள்.

"அவரு ஓட்டி நான் பார்த்ததில்ல. உங்களைப் பார்த்துட்டேன். நாம பின்னால போவோம்."

கெப் புறப்பட்டது. மூன்று வளைவு தாண்டினார்கள். பிறகு நஸார் நானா போனை எடுத்துக் கடையில் யாரிடமோ பேசினார். "சோலைமலைக்கிட்ட சொல்லிருங்க, திங்கக்கிழமை வர வேணாம்னு. இனிமே வினோதா தங்கச்சிதான்."

வினோதாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பாதை மங்கலாகத் தெரிய, ஓரமாக நிறுத்தி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நஸார் நானா அவசரப்படுத்தவில்லை. பார்வை தெளிந்த பிறகு இரண்டாவது கியரைப் போட்டு, கினிகத்தேனை இறக்கத்தில் மெதுவாக இறங்கினாள்.