மார்ச் பணமும் செப்டம்பர் கால்வாயும்

பட்ஜெட் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு வருஷத்தில் பன்னிரண்டு மாசம் கிடையாது. ஒரே மாசம்தான், அது மார்ச். மற்ற பதினொன்றும் அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்து போகிற தலைவலி. சர்க்கார் ஆபீஸில் ஃபைல் சுமந்த என் சக கைதிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் பக்கம் உப்பளங்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மத்திய அரசுக் கிளை ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக நான் அந்தச் சீட்டில் இருக்கிறேன். என் பேர் ஸ்டெல்லா. ஆபீஸ் பேரைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு நான் பென்ஷன் வாங்க வேண்டாமா?

நாலு பீரோ

எங்கள் ஆபீஸின் உயிர் ஒரு கால்வாய். கழிவெளி ஏரியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாத்திகளுக்குக் கொண்டுபோவது அதுதான். பல வருஷத்துச் சேறு அதில் இடுப்பளவு கிடந்தது. ஜனவரியில் பாத்தியை மிதித்துச் சரிசெய்து, தண்ணீர் விட்டு, செப்டம்பர் வரைக்கும் உப்பு வாருவார்கள். ஆக, கால்வாயைத் தூர் வார ஏற்ற நேரம் செப்டம்பர் கடைசிதான். உப்பு முடிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது. எங்களுக்குப் பணம் வருவதோ பிப்ரவரியில்! மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்கவில்லை என்றால் அது காலாவதி. செப்டம்பர் வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கலாமே என்று கேட்டால், கேட்டவனுக்குப் பைத்தியம் என்று அர்த்தம்.

ஒரு மார்ச்சில், பணம் வீணாகப் போகக்கூடாது என்று நாலு இரும்பு பீரோ வாங்கினோம். கால்வாய்ப் பணத்தில் பீரோ எப்படி வாங்கினாய் என்று முறைக்காதீர்கள். 'கால்வாய் ஆவணப் பாதுகாப்பு' என்று ஒரு தலைப்பைக் கண்டுபிடித்தோம். லாரியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருந்தபோது, கால்வாயைத் தூர் வாரச் சொல்லி மனு கொடுக்க தனலட்சுமியக்கா வந்து நின்றார். கடைக்கோடிப் பாத்திகளில் உப்பு வாரும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. புது பீரோவின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"ஏம்மா, இதுல உப்பு வெளையுமா?"

எலை போட்ட பிறகு

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த வருஷம், இந்தப் பணத்தைக் கால்வாயில்தான் போட்டாக வேண்டும் என்று ஆபீஸில் ஒற்றைக்காலில் நின்றேன். மார்ச் நடுவில் பொக்லைன் மெஷின் வந்தது. சேற்றை அள்ள வேண்டுமானால் தண்ணீரை அடைக்க வேண்டும். மணல் மூட்டை போட்டு அடைத்தோம். பாத்திகளெல்லாம் அப்போதுதான் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தன. இரண்டே நாளில் காய்ந்து வெடித்தன. நல்லது செய்யப் போய் நானே ஊர் வாயில் விழுந்தேன்.

தனலட்சுமியக்கா மெஷினுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. சேற்றைத் தாண்டித் தண்ணீர் கடைக்கோடிக்குப் போய்ச்சேர, மற்ற பாத்திகளைவிட ஒரு மாசம் பிந்தும். அந்த ஒரு மாசம் உப்பு வேலை கிடையாது. அவரும் கூட இருக்கும் பதினெட்டுப் பெண்களும் விடிகாலை பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அந்த ஜனவரியில்தான் அவருடைய தங்கச்சி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து அக்காவுக்கு ஒரே பிடிவாதம்: ஜனவரியில் எங்க பொம்பளைங்க ஒருத்திகூட அந்த பஸ் ஏறக்கூடாது. அதற்கு ஒரே வழி, கால்வாயில் தண்ணீர் சீக்கிரம் ஓட வேண்டும். நானோ இருந்த தண்ணீரையும் அடைத்து வைத்திருந்தேன். வேலையை நிறுத்தினோம். போகும்போது அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"பந்தியில எலை போட்டப்புறந்தான் அடுப்பை இடிச்சுக் கட்டுவீங்களா?"

பேரனுக்குச் சோறு ஊட்டும் வருஷம்

அந்த ஆகஸ்டில் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. வருஷா வருஷம் பட்ஜெட் போடுவதை விட்டுவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒன்றாகத் திட்டம் போடலாமாம். முதல் வருஷம் பணம் மிஞ்சினால் காலாவதி ஆகாதாம். தானாக அடுத்த வருஷத்துக்குப் போகுமாம். நாடு முழுக்கக் கொண்டுவருவதற்கு முன்னால் சில ஆபீஸ்களில் சோதனை, அதில் எங்களுடையதும் ஒன்று. புதுச்சேரியில் ஒரு ஹாலில் பயிற்சி நடந்தது. "மார்ச்சோடு பணம் காலாவதி ஆகாது" என்று பயிற்சி அதிகாரி சொன்ன நிமிஷம் நான் கை தட்டிவிட்டேன். ஹாலில் வேறு யாரும் தட்டவில்லை. அசடு வழிய நோட்டில் ஏதோ எழுதுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் எங்கள் சூப்பிரண்டென்ட் கோதண்டராமன் சார். ரிட்டயர்மென்ட்டுக்குப் பத்து மாசம் பாக்கி. சட்டைப் பையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா. ரூல் புஸ்தகம் தலையணை. டீ பிரேக் விடப் போகும் நேரத்தில் மெதுவாக எழுந்தார். எல்லாரும் 'ஐயோ' என்றார்கள். சார் மட்டும் உண்மையான கவலையோடு கேட்டார்:

"நான் வூட்ல பேரனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கப்போற வருஷத்துக்கு, இப்பவே எப்படி சார் நான் கையெழுத்துப் போடுறது?"

மூன்றாவது வருஷம்

போன வருஷத் தொகையோடு பத்து சதவீதம் கூட்டினால் பட்ஜெட். எங்கள் ஆபீஸ் வேதம் அவ்வளவுதான். புது ஃபாரம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த வேலை, எந்த மாசம், அது முடிந்தால் அடுத்து என்ன என்று மூன்று வருஷத்துக்கும் நோண்டி நோண்டிக் கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். தனலட்சுமியக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். "மொத வருஷம் செப்டம்பர்ல சேறு வாரணும். ரெண்டாவது வருஷம் ரெண்டு பக்கமும் கரையை ஒசத்தணும், இல்லேன்னா மழையில மண்ணு சரிஞ்சு மறுபடியும் தூந்துடும். மூணாவது வருஷம் வாய்க்கிட்ட ஒரு மதகு." இருபது நிமிஷத்தில் ஃபாரம் முடிந்தது. இத்தனை வருஷமாக இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஃபாரத்தில் கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது: மூன்றாவது வருஷத்தில் வேலை முடியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கூனிமேட்டு உப்பு வியாபாரி பாய், இவ்வளவு நேரம் காதை இந்தப் பக்கமே வைத்திருந்தார் போல. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்:

"இன்ஷா அல்லாஹ்னு எழுதிடுங்க மேடம், அதைவிடப் பெரிய கியாரண்டி எந்த ஆபீஸ்லயும் கெடைக்காது!"

கை செய்த வேலை

திட்டம் பாஸாகிவிட்டது. பிப்ரவரியில் பணமும் வந்தது. அந்த வருஷம் யாரும் பீரோக் கடைக்குப் போகவில்லை. "செப்டம்பர்ல மெஷின் வரும், எழுதி வெச்சுக்குங்க" என்று அக்காவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்புறம் மார்ச் முப்பத்தொன்று வந்தது. அன்றைக்கு என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். செலவாகாத பணத்தை 'சரண்டர்' செய்வதாக ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். காலை பதினோரு மணிக்குள் அனுப்பும் முதல் ஆபீஸ் எங்களுடையது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. கம்ப்யூட்டரைத் திறந்தேன். போன வருஷக் கடிதத்தை எடுத்தேன். தேதியை மாற்றினேன், தொகையை மாற்றினேன். கோதண்டராமன் சார் வழக்கம்போல் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பத்தே முக்காலுக்குக் கடிதம் போய்விட்டது. மத்தியானம் மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் பயிற்சி அதிகாரி போன் செய்தார். "மேடம், கால்வாய்ப் பணம் மொத்தத்தையும் ஏன் திருப்பி அனுப்பினீங்க?" என்றார். நாலு நாளுக்கு முன்னால் அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். யாரும் கேட்காத பணம், சும்மா விட்டிருந்தால் செப்டம்பர் வரைக்கும் நிற்கிற பணம். இத்தனை வருஷத்துப் பழக்கம் அதைத் தூக்கிக்கொடுத்துவிட்டது. தவறுதலாக நடந்தது என்று ஏப்ரல் முடிவதற்குள் எழுதிக் கொடுத்தால் ஒருவேளை திரும்பக் கிடைக்கலாம் என்றார் அவர். பாவம், திட்ட மனசு வராமல் கடைசியில் சொன்னார்:

"ஃபாரத்தை மாத்தினோம் மேடம், உங்க கையை மாத்த மறந்துட்டோம்."

வரப்பில் பாவசங்கீர்த்தனம்

எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபம். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் ஆயிற்று. தனலட்சுமியக்காவிடம் அது நடக்காது. இருந்தாலும் வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது என்று அன்றைக்கே போனேன். உச்சி வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். சொன்னேன். வாருபலகையை நிறுத்தாமல் பாத்தியின் அந்த முனை வரைக்கும் போனார். திரும்பி வந்தார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! "என் தங்கச்சி இன்னும் கோலு ஊணித்தான் கக்கூஸு போறா. செப்டம்பரு செப்டம்பருன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ கடுதாசி போட்டு வெளையாடுறியா?" அக்கம்பக்கத்துப் பாத்திகளில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை. அக்கா தலைத் துண்டை அவிழ்த்து என் கையில் போட்டார்:

"மூஞ்சியைத் தொடை. அழுவறதுக்கு நேரம் இல்ல, ஏப்ரலு முடியறதுக்குள்ள எத்தை எழுதணுமோ அத்தைப் போயி எழுது."

பச்சைப் பேனா

எழுதினேன். 'இந்தத் தவறுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே' என்று என் பேரைப் போட்டு கோதண்டராமன் சார் மேஜையில் வைத்தேன். ஆபீஸ் தலைவர் கையெழுத்து இல்லாமல் கடிதம் நகராது. சார் ரிட்டயராக இன்னும் இரண்டே மாசம். இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விளக்கம் கேட்பார்கள், பென்ஷன் ஃபைல் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். அவர் முடியாது என்று சொல்லியிருந்தாலும் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

சார் கடிதத்தை மூன்று தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து என் பேரை அடித்தார். பச்சைப் பேனாவை எடுத்து, அதற்கு மேலே தன் பேரை எழுதினார். "சார், தப்பு என்னுது" என்று பதறினேன். பயந்தபடியே அவர் பென்ஷன் மூன்று மாசம் பிந்தித்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு மனுஷர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகினார்:

"எழுதினது நீ, படிக்காம போட்டது நானும்மா. முப்பத்திரண்டு வருஷம் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாச்சு, ஒரு தபா கண்ணைத் தொறந்து போடுறேன்."

கடைக்கோடி

ஜூலையில் பணம் திரும்ப வந்தது. செப்டம்பர் கடைசியில் மெஷினும் வந்தது. கால்வாயில் தண்ணீர் இல்லை, பாத்தியில் உப்பு இல்லை, சண்டை போட ஆளும் இல்லை. பன்னிரண்டு நாளில் சேறு முழுக்க வெளியே. அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஜனவரியில், பொங்கலுக்கு முன்னாலேயே தண்ணீர் கடைக்கோடிக்கு வந்துவிட்டது என்று பாய் போன் செய்தார். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். பதினெட்டுப் பெண்களும் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் விடிகாலை பஸ்ஸுக்கு ஒருத்திகூடப் போகவில்லை. அக்காவின் தங்கச்சி கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு பாராட்டை எதிர்பார்த்துத்தான் நின்றேன். ஒரு 'நல்லாயிரும்மா' போதும் என்று நினைத்தேன். தனலட்சுமியக்கா சேற்றுக் காலோடு மேலே ஏறி வந்தார். என் வலது கை மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கரை ஒசத்துற பணம் அடுத்த மாசம் வருதுல்ல? மார்ச்சு முப்பத்தொண்ணு அன்னிக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு இங்க வந்து குந்து, பொழுது சாயற வரைக்கும் இந்தக் கையை நான் புடிச்சுக்கறேன்."

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பட்ஜெட் போட்டால் கவலையும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நம்பிவிடாதீர்கள், சக கைதிகளே; நான் லீவு லெட்டரை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன்.