சுருங்குகிற ஊர்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஓர் எஃகு வளையம் இருக்கிறது. உள்ளங்கை அகலம், சுற்றிலும் சிவப்புப் பெயின்ட். உள்விளிம்பில், நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு சின்ன நெளிவு. வீட்டுக்கு வருகிறவர்கள் காசியிலிருந்து வந்த பொருளென்று நினைத்துத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நானும் தடுப்பதில்லை.

அது ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் மாஸ்டர் ரிங். பைக்குக்கான பாகங்களில் பேரிங் உட்கார நாங்கள் போடும் துளை சரியான அளவா என்று பார்க்க முள் வைத்த கேஜ் உண்டு. காலையில் அதை மாஸ்டர் ரிங்குக்குள் விட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவோம். அப்புறம் நாள் முழுக்க அந்த முள் சொல்வதுதான் எங்களுக்கு வேதம்.

எங்கள் ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் பர்கூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். டிப்ளமோ படித்தவர் என்பதால் நான் அவரை சார் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். அவர் விஞ்ஞானக் கதை எழுதுவார். கம்பெனி பஸ்ஸில், கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தில். பக்கத்து சீட் என்னுடையது என்பதால் எழுதியதையெல்லாம் எனக்குத்தான் முதலில் வாசிப்பார். ஒருநாள், "இந்த உலகமே வேற யாரோ காணுற கனவா இருந்தா என்னண்ணா பண்ணுவோம்?" என்றார். "அந்த ஆளு முழிச்சுக்கிறதுக்குள்ள டீ பிரேக் விட்டுருவாங்களா சார்?" என்றேன். சிரித்தார். ஆனால் அன்று வீட்டில் விளக்கேற்றும்போது, இந்தச் சுடர் நிஜம்தானா என்று ஒரு நிமிஷம் கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

எனக்கு ஒரு பழக்கம். வேலை தொடங்கும் முன் மாஸ்டர் ரிங்கை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை அப்படி ஒற்றும்போதுதான், கையில் இருந்த எண்ணெய் வழுக்கி, ரிங் சிமென்ட் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. கீழே விழுந்த மாஸ்டர் ரிங்கை அப்போதே ஒப்படைக்க வேண்டும். மறைத்தால் வேலை போகும். ஆறு வருஷம் கான்ட்ராக்டில் இருந்த பிறகு, அந்த மாதம்தான் நிரந்தரம் செய்வோர் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. ரிங்கை எடுத்து, மன்னிச்சுக்கோ முருகா என்று மறுபடி கண்ணில் ஒற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். மூன்று மிஷின்களின் கேஜையும் அதில்தான் சரிசெய்தோம். எல்லா முள்ளும் பூஜ்யத்தில் நின்றன. ஒன்றும் ஆகவில்லை என்று நம்பத் தொடங்கினேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவர் ஒரு புதுக்கதை வாசித்தார். ஓர் ஊர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. வீடு, மனுஷன், மரம் எல்லாமே. அளக்கிற ஸ்கேலும் கூடவே சுருங்குவதால் யாருக்கும் தெரிவதில்லை.

"அந்த ஊருக்கு எதுண்ணா நிஜம்?"

"மேல இருந்து பாக்கிறவருக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சு? அவரு வந்து சொல்றாரா? உள்ள இருக்கிறவன் ஒருத்தன் சொல்ற வரைக்கும் அந்த ஊர்ல எல்லாமே கரெக்ட்டுதான்."

அடுத்த நாள் காலையில் லாரி ஏறவேண்டிய பெட்டிகள் என் கண்முன் வந்தன. சூளகிரி நெருங்கும்போது நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "கண்ணுல ஒத்தினீங்களா? ரெண்டு தடவையா? சாமி கண்டுக்காம விட்டுருவாருண்ணா, பேரிங் விடாது!" இரண்டு பேரும் இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்தோம். கம்பெனியில், வெளியே அனுப்பிச் சரிபார்த்து வந்த இன்னொரு ரிங் பெட்டியில் பூட்டியிருந்தது. அதில் கேஜை விட்டார். முள் பூஜ்யத்தைத் தாண்டிப் போய் நின்றது. விழுந்த ரிங் உள்பக்கம் நெளிந்திருந்ததால் அன்று போட்ட துளையெல்லாம் அளவில் குறைந்திருந்தன. அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "அந்த ஊரு நம்ம ஷாப்புதாண்ணா," என்று மெதுவாகச் சொன்னார்.

ரிப்போர்ட்டில் என் பெயரை எழுதினார். அதன் கீழே, இவரே வந்து சொன்னார் என்றும் எழுதினார். வேலை தப்பியது, பட்டியலிலிருந்து பெயர் போனது. என் மனைவி அன்று அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து விளக்கேற்றினாள். அடுத்த வருஷம்தான் நிரந்தரமானேன்.

எனக்கு விடாத கேள்வி ஒன்று உண்டு. "தெரிஞ்சுதான் அந்தக் கதையைப் படிச்சீங்களா சார்?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். போன வாரமே எழுதியது, தற்செயல் என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு அவர், "அப்ப உங்க முருகனும் கதை எழுதுறவருதாண்ணா," என்பார்.

பெங்களூருக்கு வேலை மாறிப் போகும்போது, இனி யாரும் எடுக்கக் கூடாதென்று கழித்துச் சிவப்படித்த அந்த ரிங்கை அனுமதி வாங்கி எனக்குத் தந்துவிட்டுப் போனார். இப்போதும் போனில் கதை அனுப்புகிறார். பாதி புரிகிறது, புரியாத பாதியைத்தான் மறுபடி படிக்கிறேன். காலையில் குளித்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வளையத்தை எடுக்கிறேன். கண்ணில் ஒற்றும் முன் அந்த நெளிவை நகத்தால் ஒரு தடவை தேடிப் பார்க்கிறேன். அங்கேதான் இருக்கிறது.