புறப்பாடு நாளில் ஆயில் மாற்றியது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் பைக்குக்கு நானே ஆயில் மாற்றுவேன். கடையில் விட மாட்டேன். எனக்கு வேலை லால்குடியில். ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டித் தினமும் அந்த வண்டியில்தான் போய்வருகிறேன். ஒருமுறை கடையில் விட்டேன். மாற்றியாச்சு சார் என்றார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அதே பழைய கறுப்பு ஆயில். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. மறுநாளே போய் ஸ்பேனர் வாங்கிவிட்டேன்.

கோபத்தில் ஆரம்பித்ததுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் பழைய அலுமினியச் சட்டியை வைத்து, போல்ட்டைக் கழற்றினால் ஆயில் கறுப்பாக, வழவழவென்று இறங்கும். கடைசிச் சொட்டு வரை முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஆபீஸில் ஒரு ஃபைலை நகர்த்த நாலு பேரைக் கேட்க வேண்டும். இங்கே யாரையும் கேட்க வேண்டாம்.

என் மனைவியைத் தவிர. எங்கள் வீடு சித்திரை வீதியில் இருக்கிறது. வாசலில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் அந்த இடத்தில் கோலப்பொடி ஊறிக் கறுத்துவிடும் என்று அவளுக்கு எரிச்சல். நான் சட்டியோடு வெளியே வந்தாலே, டாக்டர் ஆபரேஷனுக்குக் கிளம்பிவிட்டாரா என்று உள்ளிருந்து கேட்பாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். என்றைக்காவது நான் சொதப்பி வண்டி படுத்துவிட்டால், அதோடு ஸ்பேனர் பரணுக்குப் போய்விட வேண்டும், வண்டி கடைக்குப் போய்விட வேண்டும். நானும் வீறாப்பாகச் சரி என்றேன். எனக்கென்று இருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலையை அன்றைக்கே பணயம் வைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

போன முறை ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை, பெருமாள் புறப்பாடு எங்கள் வீதி வழியாக வருவதாக இருந்தது. வண்டியை இன்றைக்குத் தொடாதீர்கள் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அரை மணி நேர வேலை, அதற்குள் வந்துவிடுமா என்று நான் ஆரம்பித்துவிட்டேன். பழைய ஆயில் முழுக்க இறங்கி, அடிபோல்ட்டை முடுக்கி முடித்தேன். புது ஆயில் பாட்டில் படியில் இருந்தது. அதைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வீதிமுனையில் நாதஸ்வரம் கேட்டுவிட்டது. வண்டிகளை எடுங்கள் என்று முன்னால் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் பைக்கைப் பக்கத்துச் சந்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் வாசலைக் கழுவி, தரையில் சிந்தியிருந்த இரண்டு சொட்டு ஆயில்மேல் கோலப்பொடியை அள்ளிப் போட்டுத் துடைத்து, புதுக் கோலமே போட்டு முடித்திருந்தாள்.

பெருமாள் வந்தார். கறுப்புக் கையைக் கூப்பிக்கொண்டு சேவித்தேன். பக்கத்தில் நின்றவர் என் விரல்களையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. மனசு நிறைந்து போயிருந்தது. நிறைந்ததில் மீதி எல்லாம் மறந்து போயிற்று.

கூட்டம் நகர்ந்த கையோடு போன் வந்தது. சென்னையிலிருந்து வந்த மச்சினன், ரயில் தாமதமாகி, இப்போதுதான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கியிருந்தான். இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் சாவியை எடுக்கப் போனேன். இன்ஜினுக்குள் ஒரு சொட்டு ஆயில் இல்லை என்ற நினைப்பே எனக்கு இல்லை. கிளப்பியிருந்தால் ஸ்டேஷன் போவதற்குள் உள்ளே எல்லாம் தேய்ந்து இறுகி, இன்ஜின் கதை முடிந்திருக்கும்.

வழக்கமாக மாட்டும் ஆணியில் சாவி இல்லை. சட்டைப்பையில் இல்லை, டிவி மேல் இல்லை. எனக்குச் சுள்ளென்று ஏறியது. இந்த வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று ஆரம்பித்து, அவள் பிறந்த வீடு வரை போய்விட்டேன். உன் தம்பிதான் அங்கே வெயிலில் நிற்கிறான் என்றும் கத்தினேன். அவள் சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"படியைப் பாருங்க."

பார்த்தேன். மூடி திறக்காத புது ஆயில் பாட்டில். அதன் தலையில் என் வண்டிச் சாவி.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எப்போது எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினபோதே என்றாள். அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கத்தினதை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அப்ப ஸ்பேனரைப் பரண்ல போட்டுடவா?" என்றேன்.

"எதுக்குங்க? வண்டி படுக்கலையே." தம்பியை ஆட்டோவில் வரச் சொல்லிப் போன் பண்ணிவிட்டு, புனலை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எதுக்கப்புறம் எது செய்வீங்கன்னு ஜன்னல் வழியா பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். கடையில விட்டா சாவிய யாரு எடுத்து வைப்பா?"

இத்தனை வருஷமாகத் தனியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சந்திலிருந்து வண்டியைத் தள்ளி வந்து நிறுத்தி, அவள் புனலைப் பிடித்துக்கொள்ள, பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். இப்போதெல்லாம் போல்ட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால் சாவியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.